பாதிச் செய்தித்தாள்

மாஸ்கோவில் டார்பிடோ மைதானத்தில் அப்போது மரப்பலகைதான் இருக்கை. வசந்தத்தின் தொடக்கத்தில், பனி உருகும் நாட்களில், அந்தப் பலகையின் ஈரம் காயவே காயாது. எனக்குப் பக்கத்தில் உட்காரும் பெரியவர் 'சோவெத்ஸ்கி ஸ்போர்ட்' நாளிதழோடு வருவார். நின்றபடியே ஒரு வரி விடாமல் படிப்பார். நடுவர் விசில் ஊதியதும் தாளை நடுவில் கிழித்து, ஒரு பாதியைத் தனக்கு அடியில் போட்டுக்கொண்டு மறுபாதியை என்னிடம் நீட்டுவார். முதல் முறை நான் அதைப் படிப்பதற்கு என்று நினைத்து விரித்துவிட்டேன். "உட்கார், மகனே" என்றார்.

1985இல் பொறியியல் படிக்கப் போய், 1991இல் திரும்பினேன். ஆறு வருடம். ஊரில் எல்லோரும் பனியைப் பற்றித்தான் கேட்பார்கள், செஞ்சதுக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். கேட்டதற்குப் பதில் சொல்லி முடித்துத் தனியாக இருக்கும்போது எனக்கு நினைவு வருவது அந்தப் பலகை. உட்கார்ந்தால் தாளின் மை கால்சட்டையில் ஒட்டிவிடும். விடுதிக்குப் போய்க் கழுவினாலும் சாம்பல் நிறமாக ஒரு கறை மிஞ்சும்.

அவ்தசாவோத்ஸ்கயா மெட்ரோவில் இறங்கி நடக்க வேண்டும். மோட்டார் தொழிற்சாலை என்பதுதான் அந்த நிலையத்தின் பெயருக்கே பொருள். ஸில் தொழிற்சாலை பக்கத்தில். லாரியும் அங்கேதான், தலைவர்கள் போகும் நீளமான கார்களும் அங்கேதான், வீட்டுக் குளிர்பதனப் பெட்டிகூட அங்கேதான். தொழிற்சாலையின் கால்பந்து அணி டார்பிடோ. ராணுவத்துக்கு ஓர் அணி, போலீஸுக்கு ஓர் அணி, ரயில்வேக்கு ஓர் அணி என்று இருந்த நகரத்தில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களின் அணி இது. பழைய சிமோனவ் மடாலயத்தின் எஞ்சிய மதிலும் கோபுரங்களும் ஒரு பக்கம், மாஸ்க்வா ஆறு இன்னொரு பக்கம், நடுவில் மைதானம். பெரிய ஆட்டங்கள் லுஷ்னிகி அரங்கத்துக்குப் போய்விடும். இங்கே வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்கள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே திட்டுவார்கள். அந்தத் திட்டில்தான் நான் ரஷ்ய மொழி கற்றேன் என்று சொன்னால் மிகையில்லை.

பெரியவர் ஸில்லில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இந்தியன் என்று தெரிந்ததும் அவர் சொன்ன முதல் சொல் 'மெல்போர்ன்'. 1956 ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா நான்காம் இடம் வந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. "எங்கள் எதிக்கும் அங்கே இருந்தான். ஆனால் அவனுக்குப் பதக்கம் இல்லை" என்றார். எதிக் என்றால் டார்பிடோவின் எட்வர்ட் ஸ்ட்ரெல்ட்சோவ். அன்றைக்கு நடந்துகொண்டிருந்த ஆட்டத்தில் யார் யாரை வென்றார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நிற்கிறது.

மெல்போர்னில் அரையிறுதி பல்கேரியாவோடு. சோவியத் அணியில் ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது, இன்னொருவர் நொண்டிக்கொண்டிருந்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்றைக்கு விதி கிடையாது. கூடுதல் நேரத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்த நிலையில் ஸ்ட்ரெல்ட்சோவ்தான் சமன் செய்தார். பிறகு 2-1 என்று வென்றார்கள். இறுதி ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. நொண்டியவர் அவருடைய கிளப் ஜோடியான வாலன்டின் இவானோவ். ஜோடியில் ஒருவர் ஆட முடியாதபோது மற்றவரையும் பயிற்சியாளர் கச்சாலின் வெளியே வைத்துவிட்டார். இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொருவருக்கு மட்டும்தான் தங்கம். அவருக்குப் பதில் ஆடிய நிகிதா சிமோனியன் தன் பதக்கத்தை அவரிடமே கொடுக்கப் போனார். ஸ்ட்ரெல்ட்சோவ் வாங்கவில்லை. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

பெரியவருக்கு மிகவும் பிடித்த கதை ரயில் கதை. 1957 நவம்பர். உலகக் கோப்பைக்குப் போவது யார் என்று தீர்மானிக்க லைப்ஸிக்கில் போலந்தோடு ஆட்டம். அணி ரயிலேறிவிட்டது, ஸ்ட்ரெல்ட்சோவும் இவானோவும் வந்து சேரவில்லை. இருவரும் காரில் ரயிலைத் துரத்தினார்கள். நூறு கிலோமீட்டர் தாண்டி மொஷாய்ஸ்க்கில் ரயிலை நிறுத்தி ஏற்றினார்கள். அந்த ஆட்டத்தில் ஸ்ட்ரெல்ட்சோவ் கோல் அடித்தார், 2-0. பெரியவர் இதைச் சொல்லும்போது ரயிலை நிறுத்தியவரே தான்தான் என்பதுபோலக் கையைத் தூக்குவார். குதிகாலால் பின்னுக்குத் தட்டிக் கொடுக்கும் பாஸை ரஷ்யாவில் ஸ்ட்ரெல்ட்சோவின் பாஸ் என்றே சொல்கிறார்கள். அதைக் காட்ட, உட்கார்ந்த நிலையிலேயே தன் பூட்ஸால் பலகையின் காலில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

மாஸ்கோவின் ஓரத்தில் பெரோவோவில் 1937இல் பிறந்தவர் ஸ்ட்ரெல்ட்சோவ். வெட்டுக்கருவி செய்யும் தொழிற்சாலையின் அணியில் பையனாக ஆடி, பதினாறு வயதில் டார்பிடோவுக்கு வந்தவர். பதினெட்டு நிறைவதற்குள் தேசிய அணி. ஸ்டாக்ஹோமில் சுவீடனுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக். அடுத்த உலகக் கோப்பை 1958இல் அதே சுவீடனில். அவர் போகவில்லை. மே மாதம் கைது. பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு, பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை. ஐந்து ஆண்டு முகாமில் கழித்து 1963இல் வெளியே வந்தார். ஸில்லில் வேலை, தொழிற்சாலை அணியில் ஆட்டம். 1965இல்தான் டார்பிடோவுக்குத் திரும்ப அனுமதித்தார்கள், அந்த வருடமே அணி சாம்பியன். தலைமுடி கொட்டியிருந்தது, உடம்பு கனத்திருந்தது. பழைய பாய்ச்சல் இல்லை. பாய்கிறவனுக்குப் பந்தைக் கொடுக்கும் ஆட்டமாக அது மாறியிருந்தது. 1967இலும் 1968இலும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். தேசிய அணிக்கு மொத்தம் 38 ஆட்டம், 25 கோல். ஓர் உலகக் கோப்பையில்கூட ஆடவில்லை.

1970இல் ஓய்வு பெற்றார். படித்துப் பயிற்சியாளராகி, டார்பிடோவிலேயே பையன்களிடம் போய்ச் சேர்ந்தார். இவானோவ் பெரிய அணியின் பயிற்சியாளர். 1986இல் சோவியத் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். என் ஆறு வருடமும் அவர் அந்த இருக்கையில் இருந்தார். ஒரே ரயிலைத் துரத்திய இருவரில் ஒருவர் வெளிச்சத்தில், மற்றவர் பிள்ளைகளோடு. இதை நான் இறக்கம் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். பெரியவர் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டார். "பதினாறு வயதில் எதிக்கை ஒருவன் பார்த்தானே, அவன் பெரிய அணியின் பயிற்சியாளனா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் வெகுநாள் வைத்திருந்தேன். ஸ்ட்ரெல்ட்சோவிடம் பயின்றவர்கள் அவருக்கு நல்லது தொடங்கிய வயதில் இருந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் எட்டப்போகும் வயதுகள், இருபது முதல் இருபத்தேழு வரை, அவர் வாழ்வில் பெரிய களம் இல்லாத வயதுகள். ஒவ்வொரு ஆண்டும் புதுப் பையன்கள் வர, அவர்களை அந்த வாசல் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்புவது எப்படி இருந்திருக்கும்? தங்கப் பதக்கத்தையும் கோல்களையும் விட இதைத்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பலகையில் எல்லோருக்கும் ஒரே கருத்து: அவரை மாட்டிவிட்டார்கள், மேலிடத்துப் பெண்மணி ஒருவரின் கோபம், விளையாட விடுவோம் என்று ஆசைகாட்டி ஒப்புதல் வாங்கினார்கள். அந்த வழக்கு ரஷ்யாவில் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. நான் அன்று தலையாட்டினேன். ஆனால் ஆறு வருடத்தில் புகார் கொடுத்த இளம்பெண்ணைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கும் அப்போது இருபது வயதுதான். கோல்களை எண்ணினோம், முகாமில் போன ஆண்டுகளை எண்ணினோம், அந்தப் பெண்ணின் ஆண்டுகளை எண்ணவில்லை. எனக்கு மகள் வளர்ந்த பிறகுதான் இது உறைத்தது. அந்தப் பலகைக்காக ஏங்கும்போதெல்லாம் அந்த மௌனமும் கூடவே வந்து உட்கார்கிறது. அதை எழுப்பி அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

மைதானத்துக்கு 1996இல் ஸ்ட்ரெல்ட்சோவ் பெயர் வைத்தார்கள். லுஷ்னிகியில் சிலை இருக்கிறது. ஸில்லில் கார் உற்பத்தி நின்று, அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். பழைய மைதானத்தையும் இடித்துவிட்டார்கள், புதிதாகக் கட்ட. படத்தில் பார்த்தேன்: மடாலயக் கோபுரம் அப்படியே இருக்கிறது, அதன் கீழே மண்மேடு. எங்கள் வரிசை எங்கே இருந்தது என்று விரலால் தேடினேன். படத்தில் அந்த இடத்தில் ஒரு மண்வெட்டி இயந்திரம் நின்றது.

1990 ஜூலை. ஆய்வேட்டை முடிக்க வேண்டியிருந்ததால் அந்தக் கோடையில் நான் ஊருக்குப் போகவில்லை. ஜூலை 21 ஸ்ட்ரெல்ட்சோவுக்கு 53 வயது நிறைந்தது. மறுநாள் புற்றுநோயால் இறந்துபோனார். வாகன்கோவ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நான் அங்கே போகவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, ஏன் என்று தெரியாமலே மைதானத்துக்குப் போனேன். ஆட்டம் எதுவும் இல்லை. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. களத்தில் பதினான்கு பதினைந்து வயதுப் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். பயிற்சியாளர் யாரையோ பெயர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

பெரியவர் எங்கள் இடத்துக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் 'சோவெத்ஸ்கி ஸ்போர்ட்'. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வழக்கம்போலக் கிழிப்பார் என்று நான் கையை நீட்டிவிட்டேன். அவர் அதை நான்காக மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் ஈரப் பலகையில் அப்படியே உட்கார்ந்தோம். பையன்கள் போகும் வரை உட்கார்ந்திருந்தோம்.