இறங்கும் வழி

தண்ணீர் ராக்கெட் செய்யும் சிறுவர்களுக்கு ஏற்றம் எளிதில் வாய்த்துவிடுகின்றது. 2 லிட்டர் குளிர்பானப் புட்டி, அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் இறுகப் பொருத்திய அடைப்பான், மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பு, இவை போதும். அழுந்திய காற்று தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ள, புட்டி மேல்நோக்கிப் பாய்கின்றது. நியூட்டனின் மூன்றாம் விதியை இதைவிட மலிவாகக் கற்பிக்கும் கருவியை நான் கண்டதில்லை. இறக்கமோ வேறு கதை.

என் அக்காள் மகன் ஒரு கோடை விடுமுறை முழுவதும் அந்த இறக்கத்தோடுதான் போராடினான். 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் ஏறத்தாழ இரண்டரை வினாடிகளில் தரையைத் தொடுகின்றது. காற்றின் தடையைக் கருதாவிடில், அப்போது அதன் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். அதில் பாதி வேகத்தில் வந்தாலும் ஒரு குழந்தையின் தலை அதைத் தாங்குமா? ராக்கெட் பறக்கின்றது என்றால் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அண்ணாந்து நிற்கின்றனர்.

முதலில் அவன் செய்தது பலரும் செய்வதுதான். மூக்குக் கூம்பைத் தளர்வாகக் கவிழ்த்து, அதனுள் பாராசூட்டை மடித்து வைத்தான். உச்சியில் ராக்கெட் தலைகுப்புறத் திரும்பும், கூம்பு கழன்று விழும் என்பது அவன் எண்ணம். வீட்டில் பத்து முறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். பத்து முறையும் கழன்றது. திடலில் ஐந்து முறை ஏவியதில் இரு முறையே பாராசூட் விரிந்தது.

"கையில் விழுகிற கூம்பு வானத்தில் ஏன் விழவில்லை, மாமா?" என்றான்.

கையில் பிடித்திருக்கும்போது புட்டி நிற்கின்றது, கூம்பு மட்டும் விழுகின்றது. வானத்திலோ இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. உடன் விழுகின்ற ஒன்றிலிருந்து மற்றொன்று தானாகக் கழலுவதில்லை. போதாக்குறைக்கு, முனை கீழாகப் பாயும்போது எதிர்க்காற்று கூம்பை மேலும் அழுத்துகின்றது. ஆகவே அதைத் தள்ளிவிட ஒரு விசை வேண்டும்.

பேரறிஞர்கள் சமைத்த கலங்களும் இதே இடத்தில் இடறியதுண்டு. 1967 ஏப்ரல் 24 அன்று சோயுஸ் 1 விண்கலம் பூமிக்குத் திரும்பியபோது, சிறிய இழுப்புப் பாராசூட் விரிந்தும், முதன்மைப் பாராசூட்டை அதன் கூட்டிலிருந்து வெளியே இழுக்க அதனால் இயலவில்லை. மாற்றுப் பாராசூட்டும் சரிவர விரியவில்லை. விளாதிமிர் கொமரோவ் உயிரிழந்தார். இதைக் கேட்டபின் இரண்டு நாள்கள் அவன் ராக்கெட்டைத் தொடவில்லை.

மூன்றாம் நாள், உடைந்த பொம்மை ஒன்றின் சாவிப் பொறியோடு வந்தான். அழுத்தம் ஏற்கும் புட்டியின் மேல் ஒட்டிய வெற்றுப் புட்டித் துண்டில் சிறு கதவு வெட்டினான். கதவை இறுக்கிப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம்; அதன் ஒரு முனை பொறியின் சுழலும் கொக்கியில். ராக்கெட் கிளம்பும்போது தரையில் கட்டிய நூல் ஊசியை உருவ, பொறி ஓடத் தொடங்கும். குறித்த நேரத்தில் வளையம் விடுபட, உள்ளே வளைத்து வைத்த பிளாஸ்டிக் தகடு நிமிர்ந்து பாராசூட்டை வெளியே எறியும். முந்தினால் ஏறும் வேகத்தில் நூல்கள் அறுபடும். பிந்தினால் தரை வந்துவிடும். உச்சிக்குச் சற்றே பின்னதாக நேரத்தை வைத்தான். விழத் தொடங்கிய முதல் வினாடியில் இழப்பது 5 மீட்டர்தானே!

மடிப்பதில்தான் அவனது பொறுமையைக் கண்டேன். குப்பைப் பையை எண்கோணமாக வெட்டி, எட்டு நூல்கள் கட்டியிருந்தான். ஈரம் பட்டால் பிளாஸ்டிக் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; எனவே ஒவ்வொரு மடிப்பிலும் பவுடர் தூவினான். (அக்காளின் பவுடர் டப்பா காலியானது தனிக்கதை.) நூல்களை இறுகச் சுற்றாமல் தளர்வாக அடுக்கினான்.

12 முறை ஏவியதில் 11 முறை விரிந்தது. நான் கைதட்டினேன், அவன் தட்டவில்லை. விரியாத அந்த ஒரு முறைக்குக் காரணம் கதவின் விளிம்பில் கசிந்திருந்த பசை என்று கண்டு, அதைச் சுரண்டியெடுத்து, ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினான். கயிற்றுக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்த அவன் தங்கை, "அண்ணா, இப்ப வரலாமா?" என்றாள்.

"இன்னும் இல்லை" என்றான் அவன்.