மூணாவது கார்

திருநெல்வேலியில் ஸ்போர்ட்ஸ் கார் பார்த்ததுண்டா என்று கேட்டால் சிரிப்பீர்கள். ரத வீதியில் ஆட்டோ திரும்பவே இடமில்லை, இதில் ஃபெராரி எங்கே நுழைவது? ஆனால், என்னைப் போன்ற சில பைத்தியங்களுக்கு இங்கேயும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு!

அந்தக் காலத்தில் நம் ஆட்கள் வாங்க முடிந்ததே மூன்று கார்கள்தான். அம்பாசடர், ஃபியட், மூணாவதாக இது. 1961-ல் சென்னையில் தயாராக ஆரம்பித்தது. இத்தாலிக்காரர் மிச்சலோட்டி வரைந்த வடிவம். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். இங்கிலாந்தில் 1962-ல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் அசல் ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு சேஸிஸ் தந்ததே ஹெரால்டுதான். நம்ம வண்டியின் இன்ஜின் வெறும் 948 சி.சி. வேகத்தில் தம்பிக்கு ஈடு கிடையாது. ஆனாலும் அண்ணன் அண்ணன்தானே?

சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி வழியாகப் பாபநாசம் போகிற ரோட்டில், வயலைத் தாண்டி அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குக் கழுத்து திரும்பிவிடும். ஹெரால்டுக்காரர்கள் இருவர் எதிரெதிரே வந்தால் ஹெட்லைட்டைச் சிமிட்டிவிட்டு ஓரங்கட்டுவார்கள். பேர், ஊர் எல்லாம் அப்புறம். முதல் கேள்வி, ''கிளட்ச் சாமான் எங்க வாங்குனீய?'' கம்பெனி மூடி முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கும் இடம் தெரிந்தவர்தான் சொந்தக்காரர்.

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் ஒரு ஹெரால்டு இருக்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ஆகிவிட்டது. வாத்தியாரின் பென்ஷனில் அது சின்னத் தொகை இல்லை.

''விண்டேஜ்னு பதிஞ்சுட்டா என்ன அண்ணாச்சி?'' என்றேன். ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதி அது. பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், கௌரவமும் உண்டு.

அவர் விதியைக் கரைத்துக் குடித்திருந்தார். ''கண்காட்சிக்குக் கொண்டுபோலாம். ஊர்வலத்துக்குக் கொண்டுபோலாம். பெட்ரோல் போடப் போலாம். அமாவாசைக்குப் பாபநாசம் குளிக்கப் போகக் கூடாது. பொறவு எதுக்கு வே அது வீட்ல?''

பத்தாயிரத்தைக் கட்டிவிட்டார்.

அவர் சொன்னதில் எங்கள் மாதிரி வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கண்காட்சியில் நிற்கிற காரை டிக்கெட் வாங்கிய யாரும் பார்க்கலாம். எதிர்பாராத வளைவில், டவுன் பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து அது எட்டிப் பார்க்கிறதே, அந்தச் சந்தோஷம் ரோட்டில் ஓடுகிற வண்டியால்தான் கிடைக்கும்.

பி.காமில் தேய்மானம் கணக்கிட ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். வருஷா வருஷம் மீதி மதிப்பில் ஒரு சதவிகிதம் கழிப்பது. எத்தனை வருஷம் கழித்தாலும் அது பூஜ்யம் ஆகாது. அன்றைக்குப் புரியவில்லை. ஹெரால்டைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அடுத்த அமாவாசையன்று எனக்கு அம்பாசமுத்திரத்தில் ஒரு வேலை இருக்கிறது. என்ன வேலை என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்!