46 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம்

பக்கத்து வீட்டுப் பையன் கணக்கு நோட்டோட வந்தான்.
"வேகத்தை நேரத்தால பெருக்கினா தூரம். இதுல என்னண்ணா இருக்கு?"

இருக்கு தம்பி. நிறைய இருக்கு.

சென்னை – கோவை 495 கிலோமீட்டர்.
வந்தே பாரத்துக்கு சுமார் 6 மணி நேரம்.
சராசரியா மணிக்கு 82க்கு மேல.

கோவைக்குப் பக்கத்துலயே மேட்டுப்பாளையம்.
அங்கேர்ந்து ஊட்டிக்கு வெறும் 46 கிலோமீட்டர்.
மலை ரயில் ஏறி முடிக்க ஏறக்குறைய 5 மணி நேரம்!
மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்.
அதே 5 மணி நேரத்துல வந்தே பாரத் 410 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்.

ஆனா அந்த மலை ரயிலை மெதுவுன்னு சொல்ல எனக்கு மனசே வராது.
கல்லாறு தாண்டினா 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏத்தம்.
தண்டவாளத்துக்கு நடுவுல பல் சட்டம்.
பெட்டிங்களைப் பின்னாலேர்ந்து தள்ளிக்கிட்டே ஏறுது எஞ்சின்.
கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம்ங்க!

இறங்க மூன்றரை மணி நேரம் போதும்.
ஏறும்போது 9.2, இறங்கும்போது 13.1.
போக வர சராசரி?
ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி 11.2ன்னு சொல்றவங்கதான் அதிகம்.
92 கிலோமீட்டரை எட்டரை மணி நேரத்தால வகுத்துப் பாருங்க, 10.8தான் வரும்.
மெதுவா போறப்போதான் அதிக நேரம் ஆகுது. அதனால சராசரியும் அந்தப் பக்கமே சாயுது.
இந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

மலைப்பாதையில தூரம் கேட்டா எத்தனை மணி நேரம்னுதான் பதில் வரும்.
உங்க ஊருக்கு எவ்வளவு தூரம்னு கேட்டா, கிலோமீட்டர்ல சொல்வீங்களா, மணிக்கணக்குலயா?