அடுத்தது எப்போது?

கூடையிலே கத்திரிக்காய் இருக்கும். எங்கள் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் இருக்கும். பருப்பும் புளியும் டப்பா நிறைய இருக்கும். ஆனாலும், "இன்றைக்கு என்ன சமையல்?" என்று யாராவது கேட்டால் நமக்குப் பதில் வராது. இந்தத் தவிப்பை அறியாத சகோதரி உங்களில் யாராவது உண்டா? ஏறக்குறைய இதே தவிப்பைச் சினிமாவாக எடுத்துப் பேரும் புகழும் பெற்றார் ஓர் இத்தாலிய டைரக்டர்.

அவர் பெயர் ஃபெலினி. 1963-ல் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர் 'எட்டரை'. ஏழரை நாட்டுச் சனிக்குத் தம்பியோ என்று பயப்படாதீர்கள்! அதுவரை அவர் எடுத்த முழுப் படங்கள் ஆறு. குட்டிப் படங்கள் இரண்டும், இன்னொருவரோடு சேர்ந்து எடுத்த படம் ஒன்றும் அவர் கணக்கில் அரை அரை. ஆக மொத்தம் ஏழரை. அடுத்தது எட்டரைதானே?

இதை நான் தேடிப் பிடித்துப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் என் சிறுகதை ஒன்றுக்குப் பரிசு கிடைத்தது. அன்று முதல் நாத்தனாரிலிருந்து பால்காரர் வரை, "அடுத்த கதை எப்போது?" என்று கேட்காதவர் இல்லை. எனக்கோ கை ஓடவில்லை. எதை எழுதினாலும் பரிசுக் கதைக்குப் பக்கத்தில் சோகை பிடித்தாற்போல் நின்றது. பேனாவை மூடி வைத்துவிடலாம் என்றே தீர்மானித்திருந்தேன்.

ஃபெலினிக்கும் இதே சங்கடந்தான். 1960-ல் அவருடைய முந்திய பெரிய படம் கான் பட விழாவில் முதற் பரிசு வாங்கிவிட்டது. அடுத்த படத்துக்கு ஆட்கள் சேர்ந்தாயிற்று, செட்டும் எழும்பிற்று. என்ன படம் என்பதுதான் அவருக்கே மறந்து போயிற்று! படாதிபதிக்கு விலகல் கடிதம் எழுத உட்கார்ந்தார். அந்தச் சமயம் பார்த்து ஸ்டூடியோத் தொழிலாளி ஒருவர் தம் பிறந்த நாளுக்குக் கூப்பிட்டார். எல்லோரும் கோப்பையை உயர்த்திப் புதுப் படத்துக்கு வாழ்த்துக் கூறினார்கள். ஃபெலினி வெட்கிப் போனார். படம் எடுக்கத் தெரியாமல் திண்டாடும் டைரக்டரின் கதையையே எடுத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியதாம்.

படத்திலே, எதற்கென்று தெரியாமலே ராக்கெட்டுக்காக ஒரு மாபெரும் சாரம் எழும்பி நிற்கிறது. கதாநாயகன் க்விடோவை எல்லோரும் கேள்வி கேட்டுத் துளைக்கிறார்கள். அவன் மனைவி லூயிசாவை நீங்கள் பார்க்க வேண்டும். தன் குடும்பக் கஷ்டத்தையே நடிகைகள் திரையில் ஒத்திகை பார்ப்பதைக் கண்டு எழுந்து போய்விடுகிறாளே, அந்த இடத்தில் என் அனுதாபம் முழுவதும் அவளுக்குத்தான்!

அந்த வாரமே, அரியலூர்ச் சிமெண்ட் லாரிகளின் பின்னே பஸ்ஸில் ஊர்ந்து, ஜயங்கொண்டம் தாண்டிக் கங்கைகொண்ட சோழபுரம் போனேன். தகப்பனார் ராஜராஜன் 1010-ல் தஞ்சையில் இருநூறு அடிக்கு மேல் விமானம் எழுப்பிவிட்டார். பிள்ளை ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பி வென்றவர். ஆனாலும் அவருடைய விமானம் சுமார் 180 அடிதான். தஞ்சை விமானம் நேர்கோடாக ஏறுகிறது. இதுவோ உள்வாங்கி, நளினமாக வளைந்து ஏறுகிறது. அந்த ஸ்தபதிகளின் மனத்தில் என்ன ஓடியதோ, யார் கண்டார்கள்? அண்ணாந்து பார்த்த எனக்கு ஒன்று புரிந்தது. பழைய வெற்றியை அளவுகோலாக வைத்தால் கை நடுங்கும். வேறு கோடு போட்டால் கை தானே ஓடும்.

பரிசுக் கதையைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். புதுக் கதை நாலு பக்கம் வந்திருக்கிறது. நன்றாயிருக்கிறதா என்று கேட்காதீர்கள். அது வேறு மாதிரி இருக்கிறது. எனக்கு அது போதும்.

உங்கள் வீட்டிலும் பாட்டையோ, தையலையோ, எழுத்தையோ பாதியில் நிறுத்திவிட்ட ஒருத்தி இருப்பாள். "அடுத்தது எப்போது?" என்று மட்டும் அவளை நச்சரிக்காதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவளை அவள் பாட்டில் விட்டுப் பாருங்களேன்!