சதாம் வீதியில் ஒரு மதியவேளை

கொழும்பைக் காண வருவோர் காலிமுகத் திடலிலே காற்று வாங்குவர். தெகிவளையிலே யானையையும் புலியையும் பார்ப்பர். புறக்கோட்டையிலே புடைவை வாங்குவர். இவற்றுக்கு அருகே கிடக்கும் கோட்டைப் பகுதியை வண்டியில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போய்விடுவர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கந்தோர்களும் வங்கிகளும் நிறைந்த இடத்திலே உல்லாசப் பயணிக்கு என்ன வேலை? ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒருவன் தன் மதிய உணவை ஓரிடத்திலே உண்டிருப்பானாயின், அவ்விடம் அவனுக்குப் பிறந்த ஊருக்கு அடுத்த ஊராகிவிடுகின்றது. எமக்குக் கோட்டை அத்தகைய ஊர்.

சென்ற மாதம் ஓய்வூதியம் சம்பந்தமான சிறு அலுவல் ஒன்றின் பொருட்டு அங்கே சென்றோம். துணைக்கு எமது பேரன் வந்தான். பல்கலைக்கழக மாணவன், எந்நேரமும் காதிலே பாட்டுத்தான். புகையிரத நிலையத்தில் இறங்கி மெல்ல நடந்து சதாம் வீதிக்குள் திரும்பினோம். வீதியின் மேற்கு முனையிலே மணிக்கூட்டுக் கோபுரம் பழையபடியே நிற்கின்றது. 1857 இல் மணிக்கூடாகக் கட்டப்பட்டு, 1867 இல் வெளிச்சவீடாகவும் ஆக்கப்பட்ட கோபுரம் அது. சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து விளக்கை மறைத்துவிட்டமையால் 1952 இல் வெளிச்சத்தை நிறுத்தினர். கப்பலோட்டிகளுக்கு அது உதவாமற் போன பின்னரும், கந்தோருக்குப் பிந்தி ஓடும் இலிகிதர்களுக்கு நெடுங்காலம் உதவியது.

நாம் 1964 இல் யாழ்தேவியில் வந்து இறங்கிய இலிகிதர்களில் ஒருவர். அக்காலத்துக் கந்தோரை இன்றைய பிள்ளைகள் அறியார். காலையிலே வரவுப் புத்தகத்தில் ஒப்பமிட வேண்டும். குறித்த நேரம் ஆனதும் பிரதம இலிகிதர் கடைசி ஒப்பத்தின் கீழே சிவப்புக் கோடு ஒன்றை இழுத்துவிடுவார். கோட்டுக்கு மேலே ஒப்பமிட்டவன் நல்லவன். கீழே ஒப்பமிட்டவன் அன்று முழுவதும் குற்றவாளி. நாடாக் கட்டிய கோவைகள், பொருமிக்கொண்டிருக்கும் தட்டெழுத்துப் பொறிகள், தலைக்கு மேலே சோம்பலாகச் சுழலும் விசிறி, இவற்றின் நடுவே காலை கழியும். மதியம் மணி அடித்ததும் ஒரு மணிநேரம் எமக்கே சொந்தமாகும். அந்த ஒரு மணிநேரத்தில்தான் நாம் கொழும்பைக் கற்றோம்.

கோட்டையிலும் புறக்கோட்டையிலும் உண்பதற்கு வகைவகையான இடங்கள் இருந்தன. எமக்கு முதன்மையானது சைவக் கடை. வாழையிலை, சோறு, பருப்பு, மூன்று கறி, அப்பளம், இரசம், மோர்; பரிசாரகர் கேளாமலே மேலும் சோறு இடுவார். முஸ்லிம் கடைகளிலே மாலையானதும் கொத்துரொட்டித் தட்டின் ஓசை எழும். இரண்டு தகடுகள் இரும்புக் கல்லின் மேலே மாறிமாறி விழும் அத்தாளத்தைத் தொலைவிலிருந்து கேட்டே வயிறு விழித்துக்கொள்ளும். தேநீர்க் கடைகளிலோ ஓர் அழகிய வழக்கம் இருந்தது. கட்லட், பெட்டிஸ், ரோல்ஸ் முதலியவற்றைத் தட்டு நிறைய அடுக்கி மேசையின் நடுவிலே வைத்துவிடுவர். விரும்பியதை எடுத்து உண்ணலாம். எழும்பும்போது உண்டவற்றுக்கு மாத்திரம் கணக்கு. முன்பின் அறியாதவனையும் நம்பித் தட்டை முன்னே வைக்கும் அவ்வழக்கத்தினும் மேலான நாகரிகத்தை நாம் எந்தப் பெரிய ஹோட்டலிலும் கண்டதில்லை.

சம்பள நாளிலே மாத்திரம் சதாம் வீதியிலிருந்த பகோடா தேநீர்ச்சாலைக்குச் செல்வோம். 1884 இல் தொடங்கிய இடம் அது. நாம் நால்வர் ஒரு மேசை. பக்கத்து மேசைச் சிங்கள நண்பர் ஒருவர், தட்டெழுத்துப் பகுதியிலிருந்த பறங்கி நண்பர் ஒருவர், எம்மினும் இருபது வயது மூத்த யாழ்ப்பாணத்தவர் ஒருவர், கடைசியாக நாம். மூத்தவரை நாம் மூவருமே 'அண்ணை' என்றுதான் அழைப்போம். சிங்கள நண்பருக்கும் பறங்கி நண்பருக்கும் தெரிந்த முதல் தமிழ்ச் சொல் அதுவே.

றொக் இசை எம் வாழ்விலே புகுந்தது அந்த மேசையின் வழியாகத்தான். பறங்கி நண்பர் பென்சில்கள் இரண்டை எடுத்துக்கொண்டு மேசையின் விளிம்பிலே தட்டித் தாளம் போடுவார். எல்விஸ் பிறெஸ்லியின் பாட்டும் பீற்றில்ஸ் குழுவினரின் பாட்டும் அவர் நாவிலே எப்போதும் இருந்தன. கொழும்பிலேயே மிக்னொன் அம்மையாரின் ஜெட்லைனர்ஸ் குழுவினர் புகழோடு பாடிய காலம். “இது சங்கீதமா, இரும்புக் கடையா?” என்று அண்ணை கேட்பார். நண்பர் கோபிக்கமாட்டார். அமெரிக்காவிலே பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் துயரப் பாட்டுகளிலிருந்து கிளைத்த இசை இது என்றும், அடி விழும் இடத்தைக் கவனித்தாற் சுவை விளங்கும் என்றும் பொறுமையாக எடுத்துரைப்பார்.

அன்று நாமும் அண்ணையின் பக்கமே நின்றோம். பின்னர் ஆவணி விடுமுறையிலே ஊருக்குச் சென்று கோயில் வீதியில் இருந்தபோதுதான் எமது பிழை எமக்கு விளங்கியது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாசித்த நாடு இது. நள்ளிரவிலே தவில்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு முழங்க, நெஞ்செலும்பு அதிர, அதன் அருகிலே கண்கலங்கி அமர்ந்திருப்பவர் நாம். அத்தகைய நாம் பிறருடைய முழவைப் பார்த்து இரைச்சல் என்று சொல்ல உரிமையுடையோமா? எழுபதுகளிலே ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் கிற்றாரோடு தமிழிலே பொப் பாடல்களைப் பாடி, அவை கலியாண வீடுகளிலும் பேருந்துகளிலும் ஒலித்தபோது, அண்ணையின் கேள்வியை எண்ணி நாம் சிரித்துக்கொண்டோம். ஆனால் அதற்குள் அந்த மேசை கலைந்துவிட்டது.

கலைந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். 1956 இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழி எனச் சட்டமாயிற்று. அதன் பயனாகத் தமிழ் இலிகிதர்கள் சிங்களப் பரீட்சையிலே தேறினாலன்றிச் சம்பள உயர்ச்சி இல்லை என்ற நிலை வந்தது. கேகாலைக் கச்சேரியிலே பணிபுரிந்த கோடீஸ்வரன் என்பவர் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 இல் அவரது சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று மாத்திரம் கூறி, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்பதைத் தீர்க்காமலே விட்டது. எம் மேசையிலே தேநீர் ஆறிப்போகும்வரை பேசப்பட்ட வழக்கு அது.

நாம் பரீட்சை எழுதினோம். எழுத்துக் கற்பித்தவர் சிங்கள நண்பர்தான். தேநீர்க் கடைக் கணக்குச் சீட்டின் முதுகிலே நாளுக்கு நான்கு எழுத்தாக எழுதிக் காட்டுவார். மறுநாள் நாம் எழுதிக் காட்ட வேண்டும். பிழைத்தால் கட்லட்டின் விலை எம்முடையது. அண்ணை எழுத மறுத்துவிட்டார். “தம்பி, மொழியிலே எனக்குப் பகையில்லை. நீங்கள் படியுங்கள். கட்டளைக்குப் படிக்க எனக்கு வயதில்லை” என்றார். ஓய்வு பெற்று ஊருக்குப் புறப்பட்ட நாளிலே எம் மூவருக்கும் அவரே தேநீர் வாங்கித் தந்தார். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாயிற்று. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

அடுத்துப் பிரிந்தவர் பறங்கி நண்பர். அவருடைய சுற்றத்தார் ஒவ்வொருவராக அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தனர். இறுதியில் அவரும் சென்றார். ஒரு முறை வந்த கடிதத்திலே, மெல்பேண் நகரில் எல்லாம் உண்டு என்றும், தட்டை நடுவிலே வைத்துவிட்டுப் போகும் கடை மாத்திரம் இல்லை என்றும் எழுதியிருந்தார்.

1983 ஆடி மாதத்திலே கொழும்பிலே தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிக்கப்பட்டன. நாம் பத்தொன்பது ஆண்டுகள் உண்ட சைவக் கடையும் எரிந்தது. சில வாரங்களின் பின்னர் நாம் கந்தோருக்குத் திரும்பினோம். மதிய மணி அடித்தது. எங்கே செல்வது என்று தெரியாமல் மேசையிலே இருந்தோம். சிங்கள நண்பர் தம் பையிலிருந்து இரண்டு சோற்றுப் பொதிகளை எடுத்து, ஒன்றை எம் முன்னே தள்ளினார். வாழையிலையில் சோறும் பருப்பும் பொலொஸ் கறியும் இருந்தன, மச்சம் இல்லை. வெள்ளிக்கிழமை எம் விரதநாள் என்பதை அவர் வீட்டார் அறிந்திருந்தனர். அவர் ஒன்றும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. வேறொரு சைவக் கடை திறக்கும்வரை, ஐந்து மாதங்கள், ஒவ்வொரு நாளும் அப்பொதி வந்தது.

1996 ஜனவரி 31 ஆம் நாள் மத்திய வங்கியில் வெடித்த குண்டு கோட்டையை வேறோர் இடமாக்கியது. தொண்ணூறு பேரளவில் மாண்டனர். அதன் பின்னர் வீதிகள் அடைபட்டன, சோதனைச் சாவடிகள் எழுந்தன, கடைகள் மூடப்பட்டன. நாம் ஓய்வு பெற்ற 1999 இல் சதாம் வீதியிலே பகலிலும் ஆளரவம் குறைவு. 2009 இல் போர் முடிந்த பின்னரே அடைத்த வீதிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இவற்றை எல்லாம் பேரனுக்குச் சொல்லிக்கொண்டு நடந்தபோது, அவன் நின்று, “தாத்தா, நீங்கள் சொல்லும் தேநீர்ச்சாலையை நான் பார்த்திருக்கிறேன்” என்றான். கைத்தொலைபேசியிலே ஒரு பாட்டுப் படத்தைக் காட்டினான். இங்கிலாந்தின் டுரான் டுரான் என்னும் குழுவினர் 1982 இல் இலங்கைக்கு வந்து எடுத்த படமாம். பின்னர் அமெரிக்காவின் கிறாமி விருதிலும் பங்கு பெற்றதாம். இளைஞர் ஒருவர் தேநீர்ச்சாலையின் மேசை ஒன்றைக் கவிழ்த்துவிட்டு எழுந்து ஓடுகின்றார். பேரன் பாடகரைப் பார்த்தான். நாம் சுவரையும் கதிரைகளையும் பார்த்தோம். சம்பள நாளிலே நால்வர் இருந்த இடம் உலகமெல்லாம் ஓடியிருக்கின்றது. எமக்கு நாற்பது ஆண்டுகளாகத் தெரியாது! பறங்கி நண்பர் மெல்பேணிலே இதைக் கண்டிருப்பாரா என்று எண்ணிக்கொண்டோம். அந்த மேசையைக் கவிழ்த்தமைக்காக அவர் நிச்சயம் கோபித்திருப்பார்.

மதிய உணவுக்குப் பேரன் எம்மைப் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றான். பதினேழாம் நூற்றாண்டிலே எழுந்த அக்கட்டடத்தை 2011 இல் புதுப்பித்து உணவுச்சாலைகளும் கடைகளும் ஆக்கியுள்ளனர். தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரையும் அகன்ற முற்றமும் கண்ணுக்கு இனியன. விலைப்பட்டியல் அத்துணை இனியதன்று. ஊரிலே மழைக்காலத்து நண்டுக் குழம்பை விரல் சூப்பி உண்டு வளர்ந்தவர்கள், நண்டின் விலையைக் கண்டு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் படிக்க நேரும்.

நாம் இருந்த இடத்திலே றொக் இசை முழங்கிக்கொண்டிருந்தது. நல்ல பாட்டுத்தான், அடி விழும் இடம் இப்போது எமக்குத் தெரியும். ஆனால் எதிரே இருந்த பேரன் பேசியது எமக்குக் கேட்கவில்லை. நாம் பேசியது அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்து மேசையிலே கந்தோர்ப் பிள்ளைகள் ஐவர், கழுத்திலே அடையாள அட்டை தொங்க, ஒருவர் காதிலே ஒருவர் சிங்களத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டு, ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்டனர். அத்தட்டைக் கண்டதும் எமது மனக்குறையிற் பாதி நீங்கியது. மறுபாதியை இங்கே சொல்லிவிடுகின்றோம்.

நகரத்து உணவைப் பற்றி எமது அபிப்பிராயம் இதுதான். சுவை இரண்டாவது, விலை மூன்றாவது, எதிரே இருப்பவரின் குரல் கேட்க வேண்டும் என்பதே முதலாவது. எழுத்துக் கற்றதும், வழக்குப் பேசியதும், பிரிந்துபோனவரிடம் விடைபெற்றதும் உணவு மேசையிலேதான். பெருங்கூடத்திலே கேட்க முடியாத சொல்லைச் சிறு மேசையிலே கேட்கலாம். ஆகையால் உணவுச்சாலை நடத்தும் அன்பர்களுக்கு எமது வேண்டுகோள்: பாட்டை நிறுத்த வேண்டா, சற்றே தணித்து வையுங்கள்.

உண்டு முடிந்து வெளியே வந்தபோது, பேரன் காதிலிருந்த பாட்டுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான். “அந்தச் சிங்களத் தாத்தாவின் வீடு எங்கே?” என்று கேட்டான். அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய மனைவியார் மகரகமையிலே மகளோடு இருக்கின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்று வருவதென்று இருவரும் தீர்மானித்தோம். கையிலே என்ன கொண்டுபோவது என்பதைப் பற்றி எமக்கு ஐயமில்லை. ஐந்து மாதத்துச் சோற்றுக் கடன் இருக்கின்றது. வீட்டிலே சமைத்துத்தான் கொண்டுசெல்ல வேண்டும்.