'சென்சிபிள்' என்றொரு சொல்

மனிதர்களைப் போலவே சொற்களும் ஊர்விட்டு ஊர் போகின்றன. போன இடத்தில் குணமும் மாறிவிடுகின்றன. இதற்கு நல்ல சான்று, ஆங்கிலத்தில் நாம் அடிக்கடி கேட்கும் 'சென்சிபிள்' என்னும் பெயரடை.

இச்சொல்லைத் தேடி நான் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது என் தந்தையார் காலமானார். வீட்டில் நான் மூத்தவன். உறவினருக்குச் செய்தி சொன்னேன். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். தங்கையைச் சாப்பிட வைத்தேன். அழவில்லை. "சென்சிபிள் பையன்!" என்று மாமா எல்லோரிடமும் சொன்னார். பாராட்டித்தான் சொன்னார். ஆனால் அச்சொல் முள்ளாய் நெஞ்சில் தங்கிவிட்டது. 'அப்பா போனது உனக்கு உறைக்கவில்லையா?' என்று யாரோ கேட்பது போலவே அது என் காதில் ஒலித்தது.

கல்லூரிக்கு வந்தபின் நூலகத்தில் அகராதிகளைப் புரட்டினேன். 'செந்தீரே' என்பது இலத்தீன் வினைச்சொல். 'உணர்தல்' என்று பொருள். அதன் வழிவந்தது 'சென்சிபிலிஸ்'. அது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் குடியேறியது. இன்று அங்கே அதற்கு 'விவேகமுள்ள, நிதானமான' என்று பொருள். ஆனால் பிரெஞ்சில் ஒருவரை அதே சொல்லால் குறித்தால், அவர் எளிதில் மனம் நெகிழ்பவர், சிறு சொல்லும் தைக்கும் மென்மனத்தவர் என்று ஆகும். இத்தாலியிலும் அப்படியே. பிரெஞ்சிலிருந்து கடன்வாங்கிய ஜெர்மன் மொழியிலும் 'சென்சீபல்' என்றால் மென்மனம்தான். ஸ்பானிய மொழி இன்னும் ஒருபடி மேலே போகிறது. அங்கே இரங்கற் செய்திகளில் மரணத்துக்கே இதனை அடைமொழியாக்குகிறார்கள். 'வருந்தத்தக்க மறைவு' என்பது கருத்து. விவேகிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'சென்சாத்தோ'. இதைப் படித்த அன்று நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

ஆங்கிலம் மட்டும் ஏன் விலகிப் போயிற்று? அங்கும் பழைய பொருள் இருந்ததுதான். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், 'அறிவுள்ள' என்ற பொருளைத் தாழ்ந்த பேச்சுவழக்கு என்று ஒதுக்கித்தான் குறித்தார். அவர் ஒதுக்கிய பொருளே பின்னர் வீட்டுக்கு உரிமையாளன் ஆகிவிட்டது! பழைய பொருள் இயற்பியல் வகுப்பில் ஒண்டியிருக்கிறது. வெப்பமானி காட்டும் வெப்பத்தைச் 'சென்சிபிள்' வெப்பம் என்றும், காட்டாததை உள்ளுறை வெப்பம் என்றும் பிரிக்கிறார்கள் அல்லவா? அங்கே அச்சொல்லுக்கு 'உணரத்தக்க' என்றே பொருள்.

ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலின் தலைப்பிலுள்ள இரண்டு சொற்களும் இதே வேரில் கிளைத்தவை. தமக்கை எலினார் துயரை அடக்குபவள். தங்கை மரியான் கொட்டித் தீர்ப்பவள். அடக்கியவளுக்கு வேதனை குறைவு என்று ஆசிரியை எங்கும் சொல்லவில்லை. பல இரவுகளுக்குப் பின் எனக்கு ஆறுதல் தந்த செய்தி இது. வெப்பமானி காட்டாத வெப்பமும் வெப்பந்தானே!

நம் தமிழிலும் 'உணர்' என்ற ஒரே வேரிலிருந்து இரு கிளைகள் பிரிவதைக் காணலாம். 'கற்றுணர்ந்தவர்' என்றால் அறிஞர். 'உணர்ச்சிவசப்பட்டவர்' என்றால் நிதானம் இழந்தவர். முன்னவரைப் போற்றுகிறோம், பின்னவரைத் தேற்றுகிறோம். ஆயினும் வேர் ஒன்றே. அறிவும் நெகிழ்வும் பகையாளிகள் என்று யார் சொன்னது?

மாணவ நண்பர்களே! அழாத தோழனைக் கண்டால் 'கல்நெஞ்சன்' என்றோ 'கெட்டிக்காரன்' என்றோ சட்டென முடிவுகட்டிவிடாதீர்கள். அவன் பக்கத்தில் சற்றுநேரம் உட்கார்ந்திருங்கள். அகராதியில் ஒரு பொருளோடு நின்றுவிடாமல் அடுத்த வரியையும் படிப்பது போன்றதே அதுவும்.