இறங்காத முள்

சித்தூரில் வசிக்கும் என் தாய்மாமனிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. 1960களில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. இருவர் மட்டுமே அமரலாம். பிள்ளைகள் இருவரும் அயல்நாட்டில் குடியேறி, மாமியும் காலமான பின்பு, அவருக்கு உற்ற துணை அந்த வண்டிதான். சென்ற தை மாதத்தில் இருவரும் அதில் திருப்பதி வரை சென்று, அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் திருமலை ஏறுவதெனப் புறப்பட்டோம்.

வழிநெடுக மாமா ஒரு வட்டக் கருவியைக் காட்டிப் பெருமை பேசி வந்தார். எஞ்சினுள் ஓடும் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் மானி அது. "பார் மாப்பிள்ளை! வேகமாய்ப் போனாலும் நாற்பது, மெதுவாய்ப் போனாலும் நாற்பது. தங்கமான எஞ்சின்!" என்றார். எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

சந்திரகிரியில் காப்பி அருந்த இறங்கினோம். திரும்பி வந்து அமர்ந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. சாவி மாமாவின் கையில் இருக்கிறது, எஞ்சின் ஓடவில்லை, ஆயினும் முள் நாற்பதிலேயே நிற்கிறது!

என் தந்தையார் நீராவி எஞ்சின்களில் பயர்மேனாகப் பணியாற்றியவர். "இறங்கத் தெரியாத முள் ஏறிக் காட்டுவதை நம்பாதே" என்று அவர் அடிக்கடி சொல்வார். ரயில் எஞ்சினின் மானியும் இந்தக் காரின் மானியும் ஒரே குலத்தவை. பிரான்சு நாட்டு யூஜின் பூர்தோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வளைத்த தட்டைக் குழாய் ஒன்று, உள்ளே அழுத்தம் ஏறினால் சற்றே நிமிரும். அந்த நிமிர்வைச் சிறு பற்சக்கரங்கள் முள்ளின் சுழற்சியாக்கும். டபிள்யூ.பி. வகை எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு நீராவியை அளந்ததும் இத்தகைய குழாயே.

எஞ்சின் நின்றால் எண்ணெய்ப் பம்பும் நிற்கும். அழுத்தம் வடிந்து, முள் சுழியத்துக்கு வந்தாக வேண்டும். அக்காலத்து எம்.ஜி.பி. போன்ற வண்டிகளில், ஓட்டத்தின்போது 50 முதல் 80 பவுண்டு வரையும், சூடான எஞ்சின் வண்டி நின்றபடி ஓடுகையில் 10 முதல் 25 வரையும் இருப்பதே இயல்பு. எப்போதும் நாற்பது என்பது ஆரோக்கியத்தின் அடையாளமன்று.

"கருவிதானே கெட்டது? எஞ்சின் நன்றாகத்தானே ஓடுகிறது? போய்விடலாம்" என்றார் மாமா.

"கருவி பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிட்டது, மாமா. மெய் என்ன என்பது இன்னும் தெரியவில்லையே" என்றேன்.

அளவுகோலை உருவிப் பார்த்தோம். எண்ணெய் சரியான மட்டத்தில் இருந்தது. ஆயினும் அளவு வேறு, அழுத்தம் வேறு. பாத்திரம் நிறைய எண்ணெய் இருந்தாலும், தேய்ந்த பேரிங்குகளின் இடுக்கு வழியே அது விரைந்து ஒழுகிவிடுமானால் அழுத்தம் நில்லாது.

திருப்பதியிலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்தோம். அவர் எஞ்சினை உடனே ஓட்டவில்லை. முதலில் மானியின் பின்புறத்துச் சிறு குழாயைக் கழற்றினார். குழாயில் அடைப்பு ஏற்பட்டு அழுத்தம் சிக்கியிருந்தால் முள் அப்போதே விழுந்திருக்கும்; அது அசையவில்லை. விரலால் மெல்லத் தட்டியதும் பதினைந்துக்கு இறங்கி மீண்டும் நின்றது. ஆகவே பழுது மானியின் பற்சக்கரங்களில் என்பது உறுதியாயிற்று. பின்பு தம்மிடமிருந்த சோதனை மானியை எஞ்சினிலேயே பொருத்தி ஓட்டினார். முள் ஐந்தைத் தாண்டவில்லை. வேகத்தைக் கூட்டியும் இருபத்தைந்தை எட்டவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எஞ்சினை நிறுத்திவிட்டார். வண்டி இழுவை வாகனத்தில் ஏறிப் பட்டறைக்குப் போயிற்று.

மாமா வழியெல்லாம் பேசவில்லை. 1944-இல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கென விடப்பட்டுள்ளது; எங்கள் பேருந்து மற்றப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவில் மாமா என் கையைப் பற்றி, "மாப்பிள்ளை, மாடிப்படி ஏறினால் மூன்று மாதமாக நெஞ்சை அடைக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கேட்கிறார்கள்; நன்றாயிருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்" என்றார்.

நான் திடுக்கிட்டேன். ஆறு மணி நேரமாக அவர் அருகிலேயே அமர்ந்திருந்தும், அவர் நலத்தை ஒரு முறைகூட உற்றுக் கேட்கவில்லை. அன்றிரவே திருமலையிலிருந்து மூத்த மகனுடன் தொலைபேசியில் பேச வைத்தேன். மறுநாள் தரிசனம் முடிந்து இறங்கியதும் அவரை நேரே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இப்போது மருந்து உட்கொண்டு வருகிறார்.

பட்டறையில் எஞ்சினின் அடிப்பாத்திரத்தைக் கழற்றியபோது பேரிங்குகளின் மேற்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்ததாம். இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் கிராங்க் தண்டே பாழாகியிருக்கும் என்றார் மெக்கானிக்.

ஊரில் பெரியவர்களை விட்டுவிட்டுத் தொலைவில் வாழும் அன்பர்களே! வாரந்தோறும் தொலைபேசியில் ஒரே குரலில் "எனக்கென்ன குறை?" என்று விடை வந்தால், மகிழ்ந்து வைத்துவிடாதீர்கள். சாப்பாடு எப்படி, உறக்கம் எப்படி, படி ஏறினால் எப்படி என்று இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.